தளிரைத் தேடி வரும் தாய்

தேக்குக் காட்டில் வருடத்தில் சில நாட்கள், மழை இல்லாமலே மழைச் சத்தம் கேட்கும். வானம் வெளுத்துக் கிடக்கும். காற்றும் இருக்காது. ஆனால், கீழே கிடக்கும் காய்ந்த சருகுகள் மேல் சடசடவென்று ஏதோ விழுந்துகொண்டே இருக்கும். குனிந்து பார்த்தால், கருத்த, மிகச் சின்ன உருண்டைகள். புழுக்களின் எச்சம். அண்ணாந்து பார்த்தால், மர உச்சியில் இலை இருந்த இடத்தில் வானம் தெரியும்.

அந்தச் சத்தம் ஒரு வாரம், பத்து நாள் கேட்கும். அதற்குள் புது இலை தழைத்து நின்ற காடு, மறுபடியும் உச்சிக் கோடைபோல மொட்டையாகிவிடும். முறம் அகல இலைகளில் நடு நரம்பும் பெரிய கிளை நரம்புகளும் மட்டும் மீந்திருக்கும். பார்த்தவர்கள், “நேத்துவரைக்கும் பச்சையா இருந்துச்சு. ஒரே ராத்திரியில தின்னு தீர்த்துடுச்சு” என்பார்கள்.

ஒரு ராத்திரி கணக்கு பொய்யில்லை. ஆனால், அது புழு தின்ற ராத்திரி அல்ல. அதற்கு இரண்டு வாரம் முன்னால், யாரும் பார்க்காத உயரத்தில், ஒரு தாய்ப்பூச்சி முட்டை வைத்த ராத்திரி. காடு மொட்டையாவதும் தப்பிப்பதும் அன்றைக்கே பாதி முடிவாகிவிடுகிறது. எந்த மரம், எந்த இலை, இலையில் எந்த இடம் என்று அந்தத் தாய் பார்த்துப் பார்த்து எடுத்த முடிவு அது.

அந்தப் பூச்சிக்கு அறிவியல் வைத்த பெயர், ஹைப்ளியா பியூரா. தேக்கு இலையை உதிர்க்கும் புழு என்றால் காட்டு இலாகாக்காரர்களுக்குப் புரியும். சிறகை விரித்தால் மூன்று, நான்கு சென்டிமீட்டர் வரும் சின்ன அந்துப்பூச்சி. உட்கார்ந்திருக்கும்போது காய்ந்த சருகோடு சருகாகத்தான் தெரியும். மேல் சிறகு சாம்பல் கலந்த பழுப்பு. அதை விலக்கினால்தான் உள்ளே ஒளித்து வைத்திருக்கும் அழகு வெளியே வரும். கருப்புப் பின் சிறகில் மஞ்சளும் ஆரஞ்சுமாகத் தீற்றல்கள்.

இந்தத் தாய் ஏறத்தாழ 500 முட்டைகள் வைக்கும். வைக்கும் முறைதான் விசேஷம். நம் வீட்டு முருங்கையில் வருகிற கம்பளிப்புழுவின் தாய், முட்டைகளைக் கொத்தாக ஓரிடத்தில் வைத்துவிடும். அதனால்தான் அந்தப் புழுக்கள் மரத்தில் அப்பியதுபோல் கூட்டமாக இருக்கின்றன. தேக்குப் பூச்சி அப்படிச் செய்வதில்லை. ஓர் இலைக்குப் போகும். அதன் அடிப்பக்கத்தில், நரம்பை ஒட்டினாற்போல் ஒரு முட்டை வைக்கும். கொஞ்சம் நகரும். இன்னொன்று வைக்கும். கூடைக்காரி ஒருத்தி வீடு வீடாகப் போய்ப் படியளப்பதுபோல, ஒவ்வொன்றாக வைத்துக்கொண்டே போகும்.

அதுவும் எல்லா இலையிலும் அல்ல. தளிரில் மட்டும்.

காரணம் எளிது. தேக்கு இலை முற்றினால் சொரசொரவென்று உப்புத்தாள் மாதிரி ஆகிவிடும். அந்த இலையைப் பெரிய புழு கடிக்கலாம். முட்டையிலிருந்து அப்போதுதான் வெளியே வந்த, நூல் முனை அளவுக் குஞ்சுப் புழுவால் கடிக்க முடியாது. பிறந்த இடம் முற்றிய இலையாக இருந்தால் பட்டினிதான். வேறு இலை தேடிப் போக அதற்குக் காலில் பலமும் இல்லை, வயிற்றில் சேமிப்பும் இல்லை. ஆகவே, பிள்ளை பிழைக்குமா என்பதை அம்மா இறங்கிய இடமே தீர்மானித்துவிடுகிறது.

நரம்பை ஒட்டி வைப்பதிலும் ஒரு லாபம் இருக்கிறது. குஞ்சுப் புழு இலையின் மேல் தோலைச் சுரண்டித் தின்று, நரம்போரத்திலேயே சின்னப் பள்ளம் ஒன்றைப் பறித்துக்கொள்ளும். அதன் மேல் தன் வாயிலிருந்து வரும் பட்டு நூலால் நாலு இழை கட்டிக்கொள்ளும். அதுதான் அதன் முதல் வீடு. ஒருபக்கம் நரம்பே சுவர். கொஞ்சம் வளர்ந்ததும் இலையின் ஓரத்தைக் கத்தரித்து, மடித்து, நூலால் தைத்து, அந்த மடிப்புக்குள் குடியேறும். அங்கிருந்தபடியே தின்னும்.

முட்டை இரண்டே நாளில் பொரியும். புழு பத்து, பன்னிரண்டு நாளில் முழு வளர்ச்சி அடையும். பிறகு, நூல் விட்டுத் தரைக்கு இறங்கி, சருகுக்கும் மண்ணுக்கும் நடுவில் கூட்டுப்புழுவாகும். இன்னும் ஒரு வாரம் போனால் பூச்சி. மொத்தத்தில் மூன்று வாரத்துக்கு ஒரு தலைமுறை.

தேக்கு, இலையுதிர்க்கும் மரம். பனிக்காலத்தில் இலைகளைக் கொட்டிவிட்டு வெறும் கொம்பாக நிற்கும். பிப்ரவரி, மார்ச்சில் கோடை மழை ஒன்று பெய்தால் போதும், கொம்பு நுனியெல்லாம் செம்மை கலந்த தளிர் விடும். ஆனால், எல்லா மரமும் ஒரே நாளில் தளிர்ப்பதில்லை. ஒரு சரிவில் மழை பெய்திருக்கும், அடுத்த சரிவில் பெய்திருக்காது. ஓடையோரத்தில் ஈரம் இருக்கும், மேட்டில் இருக்காது. பரந்த காட்டில் அங்கங்கே திட்டுத் திட்டாகத்தான் முதல் தளிர் தெரியும். பூச்சிக்கு வேண்டியதும் அந்தத் திட்டுதான்.

கேரளத்தின் நிலம்பூரில் இது பல ஆண்டுகள் கூர்ந்து கவனிக்கப்பட்டது. நிலம்பூர் என்றாலே தேக்கு. அன்றைய மதராஸ் மாகாணத்தில் மலபார் கலெக்டராக இருந்த எச்.வி.கோனொலி, 1840-களில் அங்கே தேக்குத் தோட்டம் போட முனைந்தார். கப்பல் கட்ட மரம் வேண்டும், காட்டிலோ மரம் குறைந்துகொண்டே வந்தது. ஆனால், தேக்கு விதை முளைக்க அடம்பிடித்தது. அதை முளைக்க வைத்துக் கன்றாக்கி நட்டுக் காட்டியவர் சாத்து மேனோன் என்ற உள்ளூர் அதிகாரி. 1846-ல் நட்ட மரங்களில் சில, சாலியாற்றின் கரையில் ‘கோனொலி பிளாட்’ என்ற பெயரில் இன்றும் நிற்கின்றன. அந்த ஊரில் தேக்குக்கென்றே ஓர் அருங்காட்சியகமும் இருக்கிறது.

அங்கிருந்து பரவிய தேக்குத் தோட்டங்கள் ஆயிரக்கணக்கான ஏக்கருக்கு விரிந்தன. விரிந்த இடமெல்லாம் புழுவும் வந்தது. திருச்சூர் மாவட்டத்தில் பீச்சியில் 1975-ல் தொடங்கப்பட்ட கேரள வன ஆராய்ச்சி நிறுவனத்தின் பூச்சியியலாளர்கள் இதைக் கையில் எடுத்தார்கள். அவர்களில் முக்கியமானவர் கே.எஸ்.எஸ்.நாயர். அவரும் சக ஆராய்ச்சியாளர்களும் கேட்ட கேள்வி சாதாரணமானது: இத்தனை பெரிய காட்டில் புழு முதலில் எங்கே தொடங்குகிறது?

கேட்க எளிது, விடை தேடுவது பெரும்பாடு. மழை பெய்த மறுநாளிலிருந்து காடு முழுக்க நடக்க வேண்டும். கழுத்து வலிக்க உச்சியைப் பார்க்க வேண்டும். எந்தத் திட்டில் புழு இருக்கிறது, எத்தனை நாள் வயது, எவ்வளவு பரப்பு என்று வரைபடத்தில் குறிக்க வேண்டும். வாரக்கணக்கில், வருடக்கணக்கில் இதையே செய்ய வேண்டும்.

அப்படி நடந்து பார்த்ததில் கிடைத்த விடை பலர் நினைத்ததற்கு மாறாக இருந்தது. காடெங்கும் பரவலாக இருந்த புழு கொஞ்சம் கொஞ்சமாகப் பெருகி நாசமாக்குவதில்லை. முதல் கோடை மழைக்குப் பிறகு, ஒன்றுக்கொன்று வெகு தூரத்தில், சில ஏக்கர்களுக்குள் அடங்கும் சின்னச் சின்னத் திட்டுகளில்தான் தொடங்குகிறது. அந்தத் திட்டுக்குள் புழுக்கள் கொத்துக் கொத்தாக இருக்கின்றன. திட்டுக்கு வெளியே பக்கத்து மரத்தில் தேடினாலும் கிடைப்பதில்லை. இன்னொன்று, ஒரு திட்டில் இருக்கும் புழுக்கள் எல்லாம் ஏறக்குறைய ஒரே வயது. பள்ளிக்கூடத்தில் ஒரு வகுப்புப் பிள்ளைகள்போல.

இதன் பொருள் என்ன? தாய்ப்பூச்சிகள் தனித்தனியே வழிதவறி வந்து வைத்த முட்டைகள் அல்ல இவை. கூட்டமாக வந்து, ஒரே இடத்தில் இறங்கி, ஓரிரு இரவுக்குள் வைத்துவிட்டுப் போனவை. ஒரு தாய் ஒவ்வொரு முட்டையாகப் பிரித்துத்தான் வைக்கிறது. ஆனால், ஆயிரம் தாய்கள் ஒரே திட்டைத் தேர்ந்தெடுத்தால், ஒற்றை ஒற்றையாக வைத்ததெல்லாம் சேர்ந்து ஒரு படையாகிவிடுகிறது.

மூன்று வாரம் கழித்து, அந்தத் திட்டில் பிறந்த பூச்சிகள் வெளியே வருகின்றன. பிறந்த மரத்தில் தளிர் மிச்சமில்லை, தின்றாகிவிட்டது. ஆகவே, இடம் பெயர்கின்றன. அதற்குள் காட்டில் வேறு பல சரிவுகள் தளிர்த்திருக்கும். அங்கே இறங்குகின்றன. இந்த முறை திட்டு பெரிது. அடுத்த முறை இன்னும் பெரிது. மே, ஜூனில் நூற்றுக்கணக்கான ஏக்கர் ஒரே சமயத்தில் மொட்டையாக நிற்கும்போதுதான் சாலையில் போகிறவர் கண்ணுக்கு அது படுகிறது. ‘ஒரே ராத்திரியில் தின்றுவிட்டது’ என்ற பேச்சு அப்போது பிறக்கிறது.

முதல் திட்டுக்கு வந்த பூச்சிகள் எங்கிருந்து வந்தன? இதில் இரண்டு கருத்து உண்டு. அந்தக் காட்டிலேயே வருடம் முழுக்கக் கொஞ்சமாக ஒளிந்து வாழ்பவை ஒன்றுசேர்ந்து வருகின்றன என்பது ஒன்று. பருவக்காற்றின் போக்கில் தொலைவிலிருந்து வருகின்றன என்பது இன்னொன்று. இந்தப் பூச்சிக்குத் தேக்கு ஒன்றே கதி என்றில்லை. மும்பை பக்கத்துக் கடற்கழிகளில் வளரும் வெண்கண்டல் மரங்களையும் இதே புழு மொட்டையடித்திருக்கிறது. வீடும் பல, வழியும் பல.

காட்டு இலாகாவுக்கு இது கணக்கு. சொந்தமாகத் தேக்கு வைத்திருப்பவருக்கு இது வீட்டு விவகாரம்.

ஆனைமலை அடிவாரத்தில் ஒரு தோட்டம். தென்னைக்கு வேலிபோல, வரப்பை ஒட்டி எண்பது தேக்கு. மகள் பிறந்த வருடம் வைத்த கன்றுகள். “அவ படிப்புக்கும் கல்யாணத்துக்கும் இது ஆச்சு” என்று சொல்லித்தான் அப்பா நட்டார். அந்தப் பக்கத்தில் பலர் அப்படி நட்டிருக்கிறார்கள். மரம் வளர்வதும் பெண் வளர்வதும் ஒரே வேகத்தில் இருக்கும் என்று ஒரு நம்பிக்கை.

புழுவை முதலில் கண்டுபிடித்தது அந்த வீட்டுப் பாட்டிதான். அவருக்கு மரத்தின் உச்சி தெரியாது, கண்ணில் புரை. ஆனால், வாசல் தெரியும். ஒரு சித்திரையில், மழை பெய்து பத்து நாள் ஆகியிருக்கும், காலையில் கூட்டி முடித்த இடத்தைக் காட்டி மகனிடம் சொன்னார்.

“கூட்டி அரை மணி நேரம் ஆகல கண்ணு. மறுக்காவும் கருப்பா கெடக்குது பாரு. மேல என்னமோ இருக்குது.”

“அணிலு ஏதாச்சும் கொறிச்சுப் போட்டிருக்கும்மா. எச்சா நெனைக்காதீங்க” என்றார் மகன்.

மூன்றாம் நாள் உச்சி வெளுத்தது. ஆறாம் நாள், நூலில் தொங்கிக்கொண்டு புழுக்கள் இறங்கின. மைனாக்களும் காக்கைகளும் கரிச்சான்களும் கல்யாண வீட்டுப் பந்திபோல வந்து உட்கார்ந்தன. மருமகள் துணி காயப்போடும் கொடியை இடம் மாற்றினார். ஒரு மாதம் கழித்து மரங்கள் மறுபடி தழைத்தன. “பட்டுப்போகலீல்ல, பொழைச்சுக்குச்சு, விடுங்க” என்று எல்லோரும் மறந்துவிட்டார்கள். அடுத்த சித்திரையிலும் அதேதான். அதற்கடுத்தும் அதேதான். மரம் சாகவில்லை. ஆகவே நஷ்டமும் இல்லை என்று இருந்துவிட்டார்கள்.

மகள் கல்லூரியில் சேர்ந்த வருடம், மர வியாபாரி நாடாவோடு வந்தார். நெஞ்சு உயரத்தில் சுற்றளவு பிடித்தார். நாலைந்து மரம் பார்த்ததுமே நாடாவைச் சுருட்டிவிட்டார்.

“சுத்தளவு பத்தாதுங்க. பத்தொம்பது வருசத்து மரமாட்டத் தெரியலீங்க. கவட்டையும் கீழேயே விழுந்திருக்குது பாருங்க, நீளமா ஒரு கட்டை எடுக்க முடியாது. இன்னொரு ஏழெட்டு வருசம் போகட்டுங்க.”

ஏழெட்டு வருடம் மரத்துக்குப் பெரிதில்லை. கல்லூரிக் கட்டணத்துக்குப் பெரிது. அன்று மாலை வீட்டில் நகைப்பெட்டி திறந்தது.

வியாபாரி பார்த்த இரண்டு குறையும் அந்தப் புழுவோடு சேர்ந்தவை. இலைதான் மரத்தின் சமையலறை. வளரும் பருவத்தின் தொடக்கத்தில் இலை முழுவதும் போனால், மரம் தன் சேமிப்பை எடுத்து மறுபடி இலை விட வேண்டும். அந்தச் சேமிப்பு தண்டைப் பருக்க வைத்திருக்க வேண்டியது. இளங்கன்றில் நுனிக் குருத்தையே புழு தின்றுவிட்டால், நேராகப் போக வேண்டிய தண்டு இரண்டாகப் பிரிந்து கவட்டையாகிவிடும்.

இந்த நஷ்டத்தை நிலம்பூரில் அளந்து பார்த்திருக்கிறார்கள். இளம் தேக்குத் தோட்டத்தில் சில மரங்களைப் புழு அண்டாமல் ஐந்து ஆண்டு காத்தார்கள். மற்றவற்றை அப்படியே விட்டார்கள். 1985-ல் வெளியான முடிவு: புழுவுக்கு விடப்பட்ட மரங்கள், வளர்ந்திருக்க வேண்டிய மரக் கனஅளவில் 44 சதவிகிதத்தை இழந்திருந்தன. மற்ற கவனிப்புகளும் சரியாக இருந்து, புழுவிடமிருந்து மட்டும் காத்துவிட்டால், 60 ஆண்டில் வெட்டும் மரத்தை 26 ஆண்டிலேயே வெட்டலாம் என்று கணக்கிட்டார்கள். செத்த மரம் கண்ணுக்குத் தெரியும். வளராமல் போன மரம் யார் கண்ணுக்கும் தெரியாது. இந்தப் புழுவைப் பல காலம் யாரும் பொருட்படுத்தாமல் இருந்ததற்கு அதுதான் காரணம்.

அப்படியானால் மருந்தடிக்கலாமே? காடு முழுக்க விஷம் தெளிப்பதென்றால், அந்தப் புழுவைத் தின்ன வரும் பறவை, அதன் உடம்பில் முட்டை வைக்கும் குளவி, ஓடையில் இருக்கும் மீன் என்று எல்லாவற்றுக்கும் சேர்த்துத்தான் தெளிக்க வேண்டும். இருபது, இருபத்தைந்து மீட்டர் உயரத்து மரத்தின் உச்சிக்கு மருந்தைக் கொண்டுபோவதும் லேசில்லை. மேலும், புழு கண்ணில் படும் அளவுக்கு வளர்ந்துவிட்டது என்றால் பெரும்பாலும் தின்று முடித்துவிட்டது என்று அர்த்தம். அதன் பிறகு தெளிப்பது, பால் பொங்கி வழிந்த பிறகு அடுப்பை அணைப்பது மாதிரிதான்.

இயற்கையிலேயே இந்தப் புழுவைக் கொல்லும் ஒரு வைரஸ் இருக்கிறது. அது பட்ட இலையைத் தின்ற புழு சில நாட்களில் தொங்கிச் செத்துவிடும். உடம்பு கரைந்து ஒழுகி, அடுத்த புழுவுக்கும் தொற்றும். இந்தப் புழுவைத் தாக்குமே தவிர, பறவையையோ மனிதரையோ ஒன்றும் செய்யாது. கேரள வன ஆராய்ச்சி நிறுவனம் இதைத் தெளிப்பு மருந்தாகவே தயாரித்துப் பார்த்திருக்கிறது. ஆனால், இதற்கும் நேரம் முக்கியம். குஞ்சுப் புழுவாக இருக்கும்போது கொடுத்தால் கொஞ்சம் போதும். பெரிதாகிவிட்டால் நிறைய வேண்டும். அதற்குள் இலையும் போயிருக்கும்.

ஆக, எல்லா வழியும் கடைசியில் ஒரே கேள்வியில் வந்து நிற்கின்றன: தாய் எங்கே இறங்கியது, எப்போது இறங்கியது? அது தெரிந்தால், ஆயிரம் ஏக்கரைக் காப்பதற்குப் பதிலாக முதல் மூன்று ஏக்கரைக் கவனித்தால் போதும் என்று ஒரு யோசனை உண்டு. முதல் திட்டிலேயே அடக்கிவிட்டால் இரண்டாவது திட்டுக்குப் போகப் பூச்சி இருக்காது. தொலைவிலிருந்து புதிதாக இன்னொரு கூட்டம் வந்து இறங்கிவிட்டால் இந்தக் கணக்கு தப்பிவிடும் என்பதும் உண்மைதான். ஆனாலும், காடு மொட்டையான பிறகு வருத்தப்படுவதைவிட, முதல் திட்டைத் தேடி நடப்பது மேல்.

சிறு தோட்டக்காரருக்கு இன்னொரு குழப்பம் வருவதுண்டு. தேக்கில் இரண்டு புழு. ஒன்று இது, வருடத் தொடக்கத்தில் தளிருக்கு வருவது. இன்னொன்று, பின்னால் முற்றிய இலைக்கு வருவது. அது தின்ற இலையில் நரம்பெல்லாம் அப்படியே இருக்கும், நடுவில் பச்சை மட்டும் போய்ப் பழுப்பு வலைத்துணிபோல ஆகிவிடும். பார்க்க அதுதான் பயங்கரம். ஆனால், மரம் அந்த வருடத்துக்கான வளர்ச்சியைப் பெரும்பாலும் முடித்த பிறகு வருவது அது. அதிகம் பறித்துக்கொண்டு போவது, தளிரில் வருகிற முதல் புழுதான்.

இதே பூச்சியை எதிரியாகப் பார்க்காத ஊரும் இருக்கிறது. இந்தோனேசியாவின் ஜாவா தீவில், மழை தொடங்கும் காலத்தில் தேக்கு மரங்களுக்கு அடியில் பெண்களும் பிள்ளைகளும் சருகைக் கிளறிக்கொண்டிருப்பார்கள். அவர்கள் தேடுவது இந்தப் பூச்சியின் கூட்டுப்புழு. ‘உங்கெர்’ என்று பெயர். பொறுக்கிக் கழுவி, உப்பும் மசாலாவும் சேர்த்து வதக்கினால் மழைக்காலப் பலகாரம். சந்தையில் நல்ல விலைக்குப் போகிறது. தேக்குக்கு நஷ்டம் வந்த வாரத்தில், அந்த மரத்தடி வீட்டு உலையில் குழம்பு கொதிக்கிறது.

இந்தப் பூச்சியைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது சுலபம். ஆனால், அது செய்ததெல்லாம் ஒரு தாய் செய்ய வேண்டியதைத்தான். பிள்ளைக்குப் பல் இல்லை, அதனால் மெல்லிய சோறு உள்ள இடமாகப் பார்த்தது. பிள்ளைக்குக் காவல் இல்லை, அதனால் சுவரோரமாக விட்டது. எல்லாப் பிள்ளைக்கும் ஒரே இலை போதாது, அதனால் ஒவ்வொன்றாகப் பிரித்து வைத்தது. வயிற்றில் சுமந்த 500-ல் பெரும்பங்கு பறவைக்கும் எறும்புக்கும் போகும். மீதி எங்கேனும் பிழைத்துக்கொள்ளும்.

ஒரே வயது மரங்களை, ஒரே இனமாக, நடுவில் வேறெதுவும் இல்லாமல், கண்ணுக்கெட்டிய தூரம்வரை நட்டது மனிதர்கள். ஒரு மழைக்குச் சரிவு முழுக்க ஒரே நாளில் தளிர் விடும்போது, இலைக்கு அலைந்து களைக்க வேண்டிய தாய்க்கு, வாசலிலேயே விருந்து விரித்தாகிவிட்டது. இயற்கைக் காட்டிலும் இந்தப் புழு பெருகுவது உண்டு. கலப்பாக நட்டால் ஒன்றுமே வராது என்று யாரும் உறுதி தர முடியாது. ஆனால், தேக்குக்கு இடையே வேம்பும் புங்கனும் மகிழமும் இருக்கிற தோட்டத்தில், தேக்கு மொட்டையானாலும் நிழல் மிஞ்சும். புழுவைத் தின்ன வருகிற பறவைக்கு உட்காரக் கிளையும் மிஞ்சும்.

வீட்டிலும் ஊரிலும் நிறைய விஷயம் இப்படித்தான் நடக்கிறது. கடன் ஒரே நாளில் கழுத்துக்கு வருவதில்லை. கசப்பு ஒரே பேச்சில் பெரிதாவதில்லை. ‘நேற்றுவரை நன்றாகத்தானே இருந்தது’ என்று சொல்லப்படுகிற எல்லாவற்றுக்கும், யாரும் அண்ணாந்து பார்க்காத ஓர் உச்சியும், இரண்டு வாரம் முன்னால் ஓர் இரவும் இருக்கிறது. அந்தச் சமயத்தில் அது ஒரு சின்னத் திட்டுதான். ஒருவர் நடந்து சுற்றி வந்துவிடக்கூடிய அளவுதான்.

தேக்கு வைத்திருப்பவர்களுக்கு இதில் எடுத்துக்கொள்ள ஓர் எளிய வேலை உண்டு. கோடையின் முதல் மழை பெய்து, தளிர் விட்டதும், நாலைந்து மரத்தடியில் பழைய வெள்ளை வேட்டித் துண்டு ஒன்றை விரித்து வையுங்கள். தினம் காலையில் பாருங்கள். கருப்புப் பொட்டு விழ ஆரம்பித்தால் உச்சியில் குஞ்சுப் புழு இருக்கிறது. அன்றைக்கே பக்கத்திலுள்ள வேளாண் அலுவலகத்திலோ வனத்துறை விரிவாக்க மையத்திலோ சொல்லி ஆலோசனை கேளுங்கள். பக்கத்துத் தோட்டக்காரருக்கும் ஒரு போன் போடுங்கள். உங்கள் மரத்தில் இறங்கிய கூட்டத்தின் பிள்ளைகள், மூன்று வாரத்தில் அவர் மரத்துக்குத்தான் போகப்போகின்றன.